இலக்கில் கசிந்த நீர்: நியூமி நியூட்ரினோ கற்றை, 2005–2012 – ஒரு நிகழ்வு ஆய்வு

நெடுந்தொலைவு நியூட்ரினோ சோதனைகளைப் பற்றிப் படிக்கும்போது கண்ணில் படுபவை நிலத்தடிக் கருவிகளும், நியூட்ரினோ போகும் வழியில் வகை மாறுவதாகிய 'அலைவு' பற்றிய கணக்குகளும்தான். கற்றையை உண்டாக்கும் முனையில் என்ன நடந்தது என்பது பெரும்பாலும் அடிக்குறிப்பாகவே நின்றுவிடுகிறது. அமெரிக்காவின் ஃபெர்மிலாப் துகள் ஆய்வகத்தில் 2005-இல் ஓடத் தொடங்கிய நியூமி கற்றை, ஏழு ஆண்டுகளில் ஏழு இலக்குகளை, அதாவது புரோட்டான்கள் மோதும் கிராஃபைட் பகுதிகளை, கண்டது. அவை ஏன் பழுதாயின, ஒவ்வொரு முறையும் என்ன முடிவெடுக்கப்பட்டது, அதன் பின்னால் என்ன வந்தது என்பதே இந்த ஆய்வு. இதில் வரும் பணியாளர்கள் குழுவாக மட்டுமே குறிக்கப்படுகிறார்கள்.

பின்னணி

நியூட்ரினோ எதனோடும் அரிதாகவே வினைபுரியும் மிக இலேசான துகள். அதற்கு மின்னூட்டம் இல்லை. அதை முடுக்கவோ காந்தத்தால் திருப்பவோ வழியில்லை. ஆகவே அதைப் பெற்றெடுக்கும் துகளைத்தான் திருப்ப வேண்டும். புரோட்டான்களை ஒரு கிராஃபைட் இலக்கில் மோதவிட்டால் பையான்கள் என்ற குறுவாழ்வுத் துகள்கள் சிதறும். அவற்றைக் காந்தக் கொம்புகள் (மின்னோட்டம் செலுத்திக் காந்தமாக்கும் கொம்பு வடிவக் கருவிகள்) ஒருமுகமாகக் குவித்து நீண்ட சிதைவுக் குழாய்க்குள் அனுப்பும். போகிற வழியில் பையான் சிதைந்து நியூட்ரினோ பிறக்கும். மிச்சமிருப்பவற்றைக் குழாயின் கடைசியில் உள்ள தடுப்பும் அதன் பின்னுள்ள பாறையும் விழுங்கிக்கொள்ளும்.

நியூமியில் மெயின் இன்ஜெக்டர் முடுக்கி 120 கிகா எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள புரோட்டான்களைத் தருகிறது. சிதைவுக் குழாய் 675 மீட்டர் நீளம், 2 மீட்டர் விட்டம். சுமார் ஒரு கிலோமீட்டர் தள்ளி அருகுக் கருவி. 735 கிலோமீட்டருக்கு அப்பால், மினசோட்டா மாநிலத்து சூடன் சுரங்கத்தில் 5,400 டன் எடையுள்ள தொலைக் கருவி இருந்தது. இந்த இரு கருவிகளும் சேர்ந்த சோதனையின் பெயர் மைனாஸ். நில உருண்டையின் வளைவுக்குக் கீழே போக வேண்டியிருப்பதால், கற்றை கிடைமட்டத்திலிருந்து சுமார் 3.3 பாகை கீழ்நோக்கிச் செல்கிறது.

அன்றைய இயக்கத்தில் ஒரு துடிப்பில் ஏறத்தாழ 3×10¹³ புரோட்டான்கள் இருந்தன. பத்து மைக்ரோ நொடிக்குள் வந்துவிழும் இந்தக் கூட்டம் ஏறத்தாழ அரை மெகாஜூலுக்கும் அதிகமான ஆற்றலைச் சுமந்து வரும். படும் இடத்தின் அளவோ ஒரு மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். இரண்டு நொடிக்கு ஒருமுறை, இரவு பகலாக இதே அடி.

அடியைத் தாங்க வேண்டிய இலக்கு 47 கிராஃபைட் துடுப்புகளைக் கொண்டது. ஒவ்வொன்றும் 20 மில்லிமீட்டர் நீளம், 6.4 மில்லிமீட்டர் அகலம். பிஸ்கட்டுகளை வரிசையாக நிறுத்தியதுபோல் சிறு இடைவெளி விட்டு அடுக்கினால் மொத்தம் சுமார் 95 சென்டிமீட்டர் வரும். மேலும் கீழுமாக ஓடும் குளிர்நீர்க் குழாய்கள் துடுப்புகளோடு ஒட்டியிருக்கும். சுற்றிலும் மெல்லிய அலுமினிய உறை, கற்றை நுழையவும் வெளியேறவும் பெரிலியம் சன்னல்கள்.

இலக்கு ஏன் இவ்வளவு ஒல்லியாக இருந்தது என்பதைப் புரிந்துகொண்டால்தான் பின்னால் நடந்தவை விளங்கும். 735 கிலோமீட்டர் தொலைவில் நியூட்ரினோ அலைவு வலுவாகத் தெரிவது குறைந்த ஆற்றலில், ஒன்றரை கிகா எலெக்ட்ரான் வோல்ட்டை ஒட்டிய பகுதியில். ஆற்றல் குறைந்த பையான்கள் அகலக் கோணத்தில் சிதறுபவை. அவற்றைப் பிடிக்க இலக்கின் பெரும்பகுதியை முதல் கொம்பின் வாய்க்குள்ளேயே நுழைத்து வைக்க வேண்டும். கொம்பின் உள்சுவருக்கும் இலக்கின் உறைக்கும் இடையே கிடைப்பது மில்லிமீட்டர் கணக்கு. தடித்த குழாய், கனத்த உறை, தாராளமான பற்றவைப்பு எதற்கும் இடமில்லை. இயற்பியலாளர் கேட்ட ஆற்றல் நிறமாலை (எந்த ஆற்றலில் எத்தனை நியூட்ரினோ என்ற பரவல்), பொறியாளரின் கையை முதல் நாளே கட்டிவிட்டது. இந்தக் கதையின் வேர் இதுதான் என்பது என் கணிப்பு. வேறு காரணங்களும் உண்டு, ஆனால் அவை இதற்கு அடுத்தபடியே.

மார்ச் 2005: முதல் கசிவு

கற்றை முறைப்படி ஓடத் தொடங்கிய அதே மாதத்தில் இலக்கு உறைக்குள் இருந்த வெற்றிடம் கெட்டது. உள்ளே நீர் புகுந்திருக்கலாம் என்பது முதல் ஐயம். போய்ப் பார்க்க முடியாது. எஃகும் கான்கிரீட்டும் அடுக்கிய கவசத்தின் அடியில் இலக்கு தொங்குகிறது. கதிரியக்கம் ஏறிய பிறகு கவசக் கட்டைகளைக் கிரேன் கொண்டு நீக்கித் தொலைவிலிருந்தே இயக்க வேண்டும்.

எனவே குழுவினர் கற்றையையே சோதனைக் கோலாக எடுத்துக்கொண்டார்கள். செறிவைக் குறைத்து, புரோட்டான் கற்றையைச் சிறிது சிறிதாக மேலும் கீழும் இடமும் வலமும் நகர்த்தினார்கள். சிதைவுக் குழாயின் கடைசியில் உள்ள ஹாட்ரான் கண்காணிப்பி, எதிலும் மோதாமல் தப்பி வரும் துகள்களை அளக்கும். வழியில் பொருள் இருந்தால் அளவு குறையும், காலி இடமாக இருந்தால் கூடும். துடுப்புக்குப் பக்கத்தில் காலியாக இருக்க வேண்டிய இடத்தில் அளவு குறைந்தது. உறைக்குள் நீர் நிற்பது உறுதியாயிற்று. எந்த மட்டம் வரை என்பதும் மேல்கீழ் வருடலில் தெரிந்தது.

இதே வருடல் முறை முதலில் வேறு வேலைக்கானது: இலக்கும் கொம்பும் அவற்றுக்கு முன்னால் இருக்கும் காப்பு வளையமும் ஒரே நேர்கோட்டில் உள்ளனவா என்று சரிபார்க்க. காப்பு வளையம் 11 மில்லிமீட்டர் துளையுள்ள கிராஃபைட் குழல். தடம் மாறிய துடிப்பு கொம்பின் மெல்லிய கழுத்தைத் தாக்காமல் அதுதான் தடுக்கிறது. சீரமைப்புக்கு என்று வைத்திருந்த கருவி, நோய் கண்டறியும் கருவியானது தற்செயல்தான். ஆனால் அந்தத் தற்செயலுக்கு இடம் கொடுத்தது, குழாயின் கடைசியில் அந்தக் கண்காணிப்பியை வைத்த பழைய முடிவு.

முதல் முடிவு: கசிவோடு ஓட்டுவது

நீர் நின்ற இலக்கின் மேல் முழுச் செறிவுக் கற்றையை விட முடியாது. ஒவ்வொரு துடிப்பிலும் நீர் திடீரெனச் சூடேறி அழுத்த அலை எழுப்பும். மெல்லிய உறைக்கும் சன்னலுக்கும் அது ஆபத்து. கதிர்வீச்சில் நீர் பிளந்து ஹைட்ரஜனும் உண்டாகும். இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, இலக்கை எடுத்துவிட்டு வேறொன்றைப் பொருத்துவது. மற்றொன்று, கசிவை அடைக்காமலேயே நீரை வெளியே நிறுத்துவது.

இரண்டாவதைத் தேர்ந்தார்கள். உறைக்குள் ஹீலியத்தை அழுத்தத்தோடு நிரப்பினார்கள். உள்ளழுத்தம் நீரைத் தள்ளிப் பிடித்தது. கசிவு இருந்த இடத்தில் இனி ஹீலியம்தான் நீருக்குள் போகும், நீர் உள்ளே வராது. ஹீலியம் கற்றையோடு பெரிதாக வினைபுரிவதில்லை. துடுப்புகளின் வெப்பத்தைச் சிறிது கடத்தவும் செய்யும். சில வார இடைவெளிக்குப் பிறகு கற்றை மறுபடி ஓடியது.

இதை ஒட்டுவேலை என்று ஒதுக்கத் தோன்றலாம். நான் அப்படிப் பார்க்கவில்லை. அப்போது கற்றையின் வயது சில வாரங்கள். இலக்குக்கு எவ்வளவு ஆயுள் என்பதே யாருக்கும் அனுபவத்தில் தெரியாது. அந்த நிலையில் ஒரு புது இலக்கை உடனே செலவழிப்பதைவிட, பழுதானதை வைத்து ஓட்டிப் பார்ப்பது கூடுதல் தகவல் தரும். அந்த இலக்கு 2006 ஆகஸ்டு வரை உழைத்து, சுமார் 1.6×10²⁰ புரோட்டான்களை வாங்கியது. அதன் ஓட்டத்தை முடித்தது கசிவு அல்ல, இலக்கை முன்பின் நகர்த்தும் பொறி இறுகிப்போனதே.

மைனாஸின் முதல் முடிவு இந்தக் கசிந்த இலக்கின் பயன்தான். அலைவே இல்லை என்றால் தொலைக் கருவியில் 336 நிகழ்வுகள் வரவேண்டும், 14 கூடக் குறைய இருக்கலாம். வந்தவை 215. மியூவான் நியூட்ரினோக்கள் வழியில் மறைவதை முடுக்கிக் கற்றை கொண்டு துல்லியமாக அளந்த முக்கியமான ஆவணம் அது.

இடையில்: டிரிட்டியம்

2005-இன் கடைசியில் ஆய்வக வளாகத்து ஓடை ஒன்றின் நீரில் ஹைட்ரஜனின் கதிரியக்க வடிவமான டிரிட்டியம் சிறிதளவு தெரிந்தது. மூலத்தைத் தேடிப்போனால் நியூமியில் வந்து நின்றது. இலக்குக் கூடத்துக் கவசத்தில் துகள்கள் பட்டு டிரிட்டியம் உண்டாகிறது. காற்றிலுள்ள ஈரம் அதைப் பிடித்துக்கொள்கிறது. நிலத்தடிச் சுரங்கத்திலிருந்து இறைக்கப்படும் நீரோடு கலந்து குளங்களுக்கும் ஓடைக்கும் போகிறது. அளவு சட்ட வரம்புக்கு வெகு கீழே. இருந்தும் நிர்வாகம் அதைத் தானாகவே வெளியே சொன்னது. இலக்குக் கூடத்தில் ஈரமுறிஞ்சிகள் பொருத்தப்பட்டு, டிரிட்டியம் கலந்த நீர் தனியே பிடிக்கப்பட்டது. ஓடையில் அளவு குறைந்தது.

தமிழ் வாசகருக்கு இங்கே ஒன்று சொல்ல வேண்டும். தேனி மாவட்டத்துப் பொட்டிப்புரத்தில் திட்டமிடப்பட்ட இந்திய நியூட்ரினோ ஆய்வகத்தைப் பற்றிய வாக்குவாதத்தில், நியூட்ரினோவே கதிர்வீச்சு ஆபத்து என்ற பேச்சு பலமாக அடிபட்டது. நியூமியின் அனுபவம் காட்டுவது வேறு. கதிரியக்கக் கவலை முழுக்கப் புரோட்டான் முனையைச் சார்ந்தது. நியூட்ரினோ போய்ச் சேரும் முனையில் அப்படி எதுவும் இல்லை. பொட்டிப்புரத் திட்டத்தில் முடுக்கியே கிடையாது. வளிமண்டலத்தில் இயல்பாக உண்டாகும் நியூட்ரினோக்களைப் பார்க்க 50,000 டன் காந்த இரும்புக் கருவி, அவ்வளவுதான். மைனாஸும் அதே இனத்துக் கருவி. மலையைக் குடைவது, நீரூற்று, காடு பற்றி ஊர் மக்கள் எழுப்பிய கேள்விகள் தனி. இதைக் காட்டி அவற்றைத் தள்ளிவிட முடியாது.

2006–2009: மெல்லக் குறைந்த வரவு

இரண்டாவது இலக்கு கசியவில்லை. மூன்றாண்டு ஓடி சுமார் 6×10²⁰ புரோட்டான்களை வாங்கியது. நியூமியின் முதல் கட்டத்தில் மிக நீண்ட உழைப்பு இதனுடையதே. ஆனால் வேறொன்று நடந்தது. அருகுக் கருவியில், ஒரே எண்ணிக்கைப் புரோட்டானுக்குப் பதிவாகும் நியூட்ரினோக்கள் மாதத்துக்கு மாதம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தன. நாளுக்கு நாள் பார்த்தால் தெரியாது. ஆண்டுக் கணக்கை அடுக்கினால் நிறமாலையின் உச்சியில் பத்து விழுக்காட்டளவில் சரிவு.

சந்தேகப்பட மூன்று இடங்கள் இருந்தன: கருவியின் அளவுத்திருத்தம், கொம்பின் மின்னோட்டம், இலக்கு. கருவி தவறினால் எல்லா ஆற்றலிலும் ஒரே மாதிரிக் குறையும். கொம்பு தவறினால் குவியும் தன்மையே மாறி நிறமாலை வேறு வடிவம் எடுக்கும். கண்டதோ உச்சியில் கூடுதலாகவும் பிற இடங்களில் குறைவாகவும் ஏற்பட்ட சரிவு. இலக்கின் நடுவே சில துடுப்புகள் இல்லாததுபோல் வைத்துக் கணினியில் உருவகக் கணிப்பு ஓட்டினால், ஏறக்குறைய இதே வடிவம் கிடைத்தது.

ஆனாலும் இலக்கை மாற்றாமல் தொடர்ந்தார்கள். இழப்பு சில விழுக்காடு, மாற்றினால் போவது முழு வாரங்கள். கணக்கு தொடர்வதற்கே சாதகம். சரிவை ஆய்வாளர்கள் தரவுப் பகுப்பாய்வில் காலவாரியாகச் சேர்த்துக்கொண்டார்கள். அருகுக் கருவியும் தொலைக் கருவியும் ஒரே கற்றையைப் பார்ப்பதால், விகிதத்தில் பெரும்பகுதி தானே கழிந்துவிடும். இரண்டு கருவி வைத்ததன் அருமை இப்படிப்பட்ட நேரத்தில்தான் புரியும்.

2009 செப்டம்பரில் மூன்றாவது இலக்கு பொருத்தப்பட்டதும் நியூட்ரினோ வரவு பழைய அளவுக்கு ஏறியது. குற்றவாளி இலக்குதான் என்பதற்கு அதைவிடச் சான்று தேவைப்படவில்லை. பல ஆண்டு கழித்து, கதிரியக்கம் தணிந்தபின் அந்தப் பழைய இலக்கைத் திறந்து பார்த்தபோது, கற்றை பட்ட நடுப்பகுதியில் துடுப்புகள் பிளந்திருந்தன. தொடர்ந்த கதிர்வீச்சில் கிராஃபைட்டின் அணு அடுக்கு குலைகிறது, பொருள் உப்புகிறது, கடைசியில் விரிசல் விடுகிறது.

2010–11: ஒன்றன்பின் ஒன்று

மூன்றாவது இலக்கு 2010 ஜூலையில் நின்றது. அதன் பிறகு வந்த பதினான்கு மாதங்கள் நியூமியின் மோசமான காலம். நான்காவது இலக்கு சில வாரங்களே ஓடியது. ஐந்தாவது சில மாதங்கள். ஆறாவது மறுபடி சில வாரங்கள். பழுதுகள் பெரும்பாலும் குளிர்நீர்ச் சுற்றையும் அதன் இணைப்புகளையும் பற்றவைப்பையும் சார்ந்தவை. கிராஃபைட் தேய்ந்து முடிவதற்கு வெகு முன்பே அதைச் சுற்றியிருந்த உலோகம் கைவிட்டது.

ஆறாவதும் போனபோது கைவசம் தயாரான புது இலக்கு இல்லை. 2011-இன் நடுவில் எடுக்கப்பட்ட முடிவு சற்று வியப்பானது. ஓய்வில் கிடந்த முதல் இலக்கையே, அதாவது 2005-இல் கசிந்ததையே, திரும்பக் கொண்டுவந்து வைத்தார்கள். அதன் பின் வரவு குறைந்த இரண்டாவது இலக்கையும் சில வாரம் ஓட்டினார்கள். இரண்டின் குறையும் தெரிந்த குறை: ஒன்றில் கசிவு, மற்றொன்றில் துடுப்புத் தேய்வு. இரண்டோடும் வாழத் தெரிந்திருந்தது. செப்டம்பரில் ஏழாவது இலக்கு வந்து, 2012 ஏப்ரலில் முதல் கட்டம் முடியும் வரை தாக்குப்பிடித்தது.

இந்தப் பகுதியில்தான் நான் கொஞ்சம் கறாராக இருப்பேன். உதிரி இலக்குகள் இருந்தன என்பது உண்மை. ஆனால் அவை ஒரே வரைபடத்தில், ஒரே முறையில் செய்யப்பட்டவை. முதலாவதில் இருந்த பலவீனம் மற்றவற்றிலும் இருக்க வாய்ப்புண்டு. எண்ணிக்கையை வைத்துக் காப்பு இருப்பதாகக் கணக்கிட்டது பொருந்தவில்லை. இரண்டாவது இலக்கு மூன்றாண்டு உழைத்ததும் அந்த நம்பிக்கைக்குத் தீனி போட்டிருக்கும். இன்னொரு சிக்கலும் உண்டு. பழுதான இலக்கு கதிரியக்கத்தோடு வெளியே வருகிறது. அதை உடனே அறுத்துப் பார்க்க முடியாது. ஏன் போனது என்பது தெளிவாவதற்குள் அடுத்ததைப் பொருத்தியாக வேண்டும். தவறு திரும்ப நேர்வது அலட்சியத்தால் என்று மட்டும் சொல்லிவிட முடியாத தொழில் இது.

விளைவு

இவ்வளவுக்கும் பிறகு கற்றை தன் வேலையைச் செய்தது. மைனாஸ் 2012 வரை நியூட்ரினோ நிலையில் 10.71×10²⁰ புரோட்டான்களுக்கும், கொம்பின் மின்னோட்டத்தைத் திருப்பி எதிர்நியூட்ரினோ நிலையில் 3.36×10²⁰ புரோட்டான்களுக்கும் தரவு சேர்த்தது. அருகுக் கூடத்தில் 2010 முதல் தரவெடுத்த மினெர்வா சோதனைக்குத்தான் சங்கடம் கூடுதல். அதற்குக் கழித்துக்கொள்ளத் தொலைக் கருவி கிடையாது. கற்றையில் எத்தனை நியூட்ரினோ என்பதை நேரடியாகவே அறிய வேண்டியிருந்ததால், இலக்குக்கு இலக்கு மாறிய நிலையைத் தனித்தனியே கணக்கிட வேண்டியதாயிற்று.

மாற்றியவை

2012 மே முதல் 2013 செப்டம்பர் வரை நீண்ட நிறுத்தம். அடுத்த சோதனையான நோவாவுக்காக 700 கிலோவாட் கற்றை வேண்டும். முன்பு வழக்கமாக ஓடியது 300 கிலோவாட் வாக்கில். இந்த உயர்வில் பெரும்பங்கு முடுக்கிப் பக்கம் நடந்தது. ஆய்வகத்தின் பெரிய மோதல் முடுக்கியான டெவட்ரான் 2011 செப்டம்பர் 30-இல் மூடப்பட்டதால், எதிர்ப்புரோட்டான்களைத் தேக்கி வைத்த ரீசைக்கிளர் வளையம் வேலையில்லாமல் நின்றது. அதில் புரோட்டான் கட்டுகளை முன்கூட்டியே அடுக்கி, மெயின் இன்ஜெக்டருக்கு ஒரே மூச்சில் கொடுத்தார்கள். அடுக்கும் நேரமும் முடுக்கும் நேரமும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்ததால் சுழற்சி 2.2 நொடியிலிருந்து 1.33 நொடியாகக் குறைந்தது. துடிப்புக்குச் சுமார் 4.9×10¹³ புரோட்டான்கள் என்றால் 700 கிலோவாட் வந்துவிடுகிறது. 2017-இல் அந்த அளவு வழக்கமான இயக்கமாயிற்று.

திறன் இரு மடங்கானால் இலக்கு இன்னும் மோசமாகப் பழுதாக வேண்டும் அல்லவா? ஆகவில்லை. நோவாவின் தொலைக் கருவி 810 கிலோமீட்டர் தொலைவில், கற்றையின் நடுக்கோட்டிலிருந்து 14 மில்லிரேடியன் விலகி நிற்கிறது. அந்தக் கோணத்தில் நியூட்ரினோக்கள் 2 கிகா எலெக்ட்ரான் வோல்ட்டைச் சுற்றி ஒரு குறுகிய உச்சியாகத் தாமே குவிகின்றன. அதற்கு இலக்கைக் கொம்புக்குள் திணிக்கத் தேவையில்லை. வெளியே நிறுத்தலாம். வெளியே வந்ததும் இடப் பஞ்சம் தீர்ந்தது. துடுப்பின் அகலம் 7.4 மில்லிமீட்டரானது. குளிர்நீர், துடுப்புகளைப் பிடித்திருக்கும் கனத்த உலோகத் தகடுகள் வழியே ஓடியது. கற்றையின் மையத்துக்கும் நீருக்கும் இடையே தூரம் கூடியது. பின்னர் மெகாவாட் இலக்குக்காகத் துடுப்பை இன்னும் அகலப்படுத்தி 9 மில்லிமீட்டராக்கினார்கள். 2024-இல் கற்றை 1 மெகாவாட்டைத் தொட்டது.

கிராஃபைட் தேய்வுக்கும் தனியாக ஒரு முயற்சி தொடங்கியது. 2012-இல் பல நாட்டு ஆய்வகங்கள் சேர்ந்து, கற்றையடி பட்ட இலக்குப் பொருள்களை ஆராயும் கூட்டமைப்பு ஒன்றை அமைத்தன. நியூமியின் பழைய துடுப்புகளும் அதன் ஆய்வுப் பொருள்களாயின.

இன்னும் மாற வேண்டியவை

உதிரி இலக்குகளில் ஒன்றையாவது வேறு செய்முறையில் செய்து வைத்திருந்தால் 2011-இன் இடைவெளி சுருங்கியிருக்கும். நிறுவுவதற்கு முன் வெப்ப ஏற்ற இறக்கமும் நீரழுத்தமும் சேர்ந்து அடிக்கும் நீண்ட சோதனை, ஒவ்வோர் இலக்குக்கும் தேவை. பழுதானதைச் சீக்கிரம் திறந்து பார்க்க, கதிரியக்கப் பொருளைத் தொலைவிலிருந்து கையாளும் கவச அறையைக் கற்றையோடு சேர்த்தே வடிவமைக்க வேண்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடக் கூடாது.

ஃபெர்மிலாபில் இப்போது கட்டப்படும் எல்பிஎன்எஃப் என்ற அடுத்த நியூட்ரினோ கற்றை, ட்யூன் சோதனைக்காகத் தெற்கு டகோட்டாவின் லீட் ஊரிலுள்ள நிலத்தடி ஆய்வகத்துக்கு 1,300 கிலோமீட்டர் போக வேண்டும். தொடக்கத் திறன் 1.2 மெகாவாட், பின்னர் 2.4 மெகாவாட் வரை உயர்த்த இடம் விட்டிருக்கிறார்கள். அதற்குப் புரோட்டான் தரும் பிப்-2 நேர்கோட்டு முடுக்கியில் இந்தியாவின் அணுசக்தித் துறை நிறுவனங்களுக்கும் பங்குண்டு. ட்யூனுக்கு அகன்ற ஆற்றல் நிறமாலை வேண்டும். அதனால் இலக்கு மறுபடியும் முதல் கொம்புக்குள்ளேயே போகிறது. மில்லிமீட்டர் நெருக்கடியும் கூடவே திரும்புகிறது. ஆனால் இம்முறை இலக்கைக் குளிர்விப்பது நீர் அல்ல, ஹீலியம். ஜப்பானின் ஜே-பார்க் முடுக்கி மையத்தில் டி2கே நியூட்ரினோ சோதனைக்காக 26 மில்லிமீட்டர் விட்டமுள்ள கிராஃபைட் தண்டு பல ஆண்டுகளாக இப்படித்தான், கொம்புக்குள் இருந்தபடியே, ஹீலிய ஓட்டத்தில் குளிர்ந்துவருகிறது.